ஆறு டாக்கர் மெஷினுக்கு ஒரே தடம்

வணக்கமுங்க. நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி வைத்துக்கொள்கிறேன். பின்னலாடை நிறுவனத்தின் கம்ப்யூட்டர் வேலை முழுக்க உங்கள் பொறுப்பு. திருப்பூர் அவிநாசி ரோட்டு ஆபீஸில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே கம்ப்யூட்டரில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) மேல் இரண்டு விர்ச்சுவல் மெஷின், பல்லடம் யூனிட்டில் மூன்று, மும்பை கிளவுடில் ஒன்று. ஆறிலும் டாக்கர் ஓடுகிறது, அதாவது ஒவ்வொரு மென்பொருளும் ‘இமேஜ்’ என்ற அச்சிலிருந்து எழுப்பிய ‘கன்டெய்னர்’ என்ற தனிப் பெட்டிக்குள் ஓடுகிறது. ஆறுக்கும் தனித்தனி ஐபி, தனித்தனி பாஸ்வேர்டு. பல்லடத்து இணைப்புக்குப் பப்ளிக் ஐபி இல்லாததால், அங்கிருக்கும் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரின் திரையைப் பகிர்ந்து அதன் வழியாக நுழைகிறீர்கள். இதற்குப் பதிலாக ஒவ்வொரு கன்டெய்னருக்குள்ளும் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து மறையாக்கிய இணைப்பில் கட்டளை அடிக்கும் வழி) சர்வர் போட்டுவிட்டால் நேராக உள்ளே போகலாமே, அது பத்திரமா என்பது கேள்வி.

கன்டெய்னருக்குள் எஸ்எஸ்எச் வேண்டாம். பெரும்பாலும் இமேஜ் கட்டும்போதே ஹோஸ்ட் கீ (சர்வரின் அடையாளச் சாவி) உருவாகிவிடுவதால், அந்த இமேஜிலிருந்து கிளம்பும் எல்லாக் கன்டெய்னருக்கும் ஒரே கீதான் இருக்கும். பாஸ்வேர்டோ பப்ளிக் கீயோ இமேஜுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆள் மாறினால் இமேஜை மறுபடி கட்ட வேண்டும். உள்ளே போய்க் கையால் திருத்தியதெல்லாம் அடுத்த முறை கன்டெய்னரைப் புதிதாக எழுப்பும்போது காணாமல் போகும். இருபது கன்டெய்னர் இருந்தால் பாதுகாக்க வேண்டிய வாசலும் இருபது. மெஷினுக்குள் வந்துவிட்டால் ‘டாக்கர் எக்ஸெக் -ஐடி’, கன்டெய்னர் பெயர், ‘எஸ்எச்’ என்று அடித்தாலே போதும். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் இமேஜ்களில் பேஷ் ஷெல் இருக்காது, அதனால் ‘எஸ்எச்’ என்றே பழகுங்கள். ஷெல்லே (கட்டளை அடிக்கும் நிரல்) இல்லாத இமேஜாக இருந்தால், ஒரு ஆல்பைன் கன்டெய்னரைத் தற்காலிகமாக எழுப்பி, அதன் நெட்வொர்க்கையும் பிஐடியையும் (ஓடும் நிரல்களின் பட்டியல்) ‘கன்டெய்னர்:பெயர்’ என்று கொடுத்து அந்தக் கன்டெய்னரோடு இணைத்துப் பார்க்கலாம்.

அப்படியானால் காக்க வேண்டியது மெஷினின் வாசலை மட்டும். அதை ஏன் அவ்வளவு கவனமாகக் காக்க வேண்டும் என்றால், டாக்கர் குரூப்பில் இருப்பவர் ரூட்டுக்கு, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசருக்குச் சமம். மெஷினின் மொத்த டிஸ்க்கையும் ஒரு கன்டெய்னருக்குள் மவுண்ட் செய்து அவர் எதை வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். சூடோ (ரூட்டாகக் கட்டளை ஓட்டும் அனுமதி) கொடுக்கவில்லை, டாக்கர் மட்டும்தான் கொடுத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால், அவர் கொடுத்தது சூடோவைத்தான், பாஸ்வேர்டு கேட்காத சூடோ.

இனி தடம் போடுவோம். தோட்டத்துக்குள் எத்தனை சாளை (வீடு) இருந்தாலும் இட்டேரியிலிருந்து (வேலிகளுக்கு நடுவே போகும் பாதை) உள்ளே வர ஒரே கடவு (வழி) வைப்பது நம்ம பக்கத்து வழக்கம். அதேபோல வெளி உலகத்துக்குத் தெரியும் மெஷின் ஒன்றே ஒன்று இருக்கட்டும். மும்பை கிளவுடில் 1 ஜிபி ரேம் உள்ள சின்ன மெஷின் ஒன்றைத் தனியாக எடுங்கள். அதுதான் ஜம்ப் ஹோஸ்ட், மற்ற மெஷின்களுக்குப் போகும் வாசல். அதில் டாக்கர் போடாதீர்கள். வாசலில் நிற்பவருக்கு வேறு வேலை கூடாது. பல்லடம், திருப்பூர் மெஷின்கள் ஐந்திலும், மும்பையில் இருக்கும் டாக்கர் மெஷினிலும் ஒயர்கார்டு (மெஷின்களை மறையாக்கிய தனி வலையில் சேர்க்கும் மென்பொருள்) போட்டு இதனோடு இணையுங்கள். ஜம்ப் ஹோஸ்டுக்கு 10.77.0.1, மற்றவற்றுக்கு 10.77.0.11 முதல் 10.77.0.16 வரை கொடுக்கலாம். இணைப்பை உள்ளிருந்து வெளியே கிளப்புவதால் பல்லடத்தில் பப்ளிக் ஐபி தேவையில்லை, ரவுட்டரில் போர்ட் திறக்கவும் வேண்டாம். ஜம்ப் ஹோஸ்டில் மட்டும் யுடிபி 51820 திறந்திருக்க வேண்டும். பல்லடத்துப் பக்கம் ‘பெர்சிஸ்டென்ட்கீப்அலைவ்’ 25 என்று வைக்க மறக்காதீர்கள். வைக்காவிட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருந்ததும் ரவுட்டர் அந்த இணைப்பை மறந்துவிடும், வெளியிலிருந்து போய்த் தட்டினால் பதில் வராது. ‘எண்ட்பாயின்ட்’ இடத்தில் பெயருக்குப் பதில் ஐபியே எழுதுங்கள். கரண்ட் போய் வந்து மெஷின் எழும்போது டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றும் சேவை) தயாராகும் முன்பே ஒயர்கார்டு கிளம்பி, பெயர் கிடைக்காமல் நின்றுவிடுவது உண்டு.

கீ விஷயம் சுருக்கமானது. கீ என்பது ஒரு ஜோடி: பிரைவேட் கீ உங்களிடமே இருக்கும், பப்ளிக் கீ சர்வரில் ஏறும். உங்கள் லேப்டாப்பில் ‘எஸ்எஸ்எச்-கீஜென் -டி ஈடி25519’ (டி என்பது ‘டைப்’ என்பதன் முதல் எழுத்து, சிறியது) அடித்து, நல்ல பாஸ்ஃபிரேஸ் வைத்து ஒரு கீ உருவாக்குங்கள். ஓப்பன்எஸ்எஸ்எச் இந்த வகையை 2014-இல் வந்த 6.5 பதிப்பிலிருந்து ஏற்கிறது, ஆகவே உங்கள் எந்த மெஷினிலும் தடை இருக்காது. ஆளுக்கு ஒரு கீ, லேப்டாப்புக்கு ஒரு கீ. பிரைவேட் கீயை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும், மூன்று பேர் ஒரே கீயைப் பயன்படுத்துவதும் கூடாது. பப்ளிக் கீயை ‘எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி’ கொண்டு ஒவ்வொரு மெஷினிலும் ஏற்றுங்கள். ஏற்றிய பிறகும் கீயை ஏற்காமல் பாஸ்வேர்டே கேட்டால், பெரும்பாலும் அனுமதி எண்தான் காரணம். அந்த மெஷினில் ‘.எஸ்எஸ்எச்’ டைரக்டரிக்கு 700, ‘ஆத்தரைஸ்டு_கீஸ்’ ஃபைலுக்கு 600. ஹோம் டைரக்டரியை குரூப்பில் உள்ள மற்றவர்கள் எழுதும்படி யாராவது மாற்றியிருந்தாலும் சர்வர் கீயை நம்பாது. அதை லேப்டாப் பக்கம் எவ்வளவு தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது, சர்வரின் ஆத் லாகில்தான் தெரியும்.

வேலை சுலபமாகும் இடம் லேப்டாப்பில் ‘.எஸ்எஸ்எச்’ டைரக்டரிக்குள் இருக்கும் கான்ஃபிக் ஃபைல். இதில் ஒரு மணி நேரம் செலவழித்தால் பாஸ்வேர்டு நோட்டையே அக்கட்ட வைத்துவிடலாம். ஒவ்வொரு மெஷினுக்கும் ‘ஹோஸ்ட்’ என்று தொடங்கும் ஒரு பத்தி. பெயரை நீங்களே வைக்கலாம், பல்லடம்1, பல்லடம்2, திருப்பூர்1 என்பதுபோல. (இங்கே தமிழில் எழுதியிருக்கும் கட்டளைகளையும் பெயர்களையும் டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.) பத்திக்குள் ‘ஹோஸ்ட்நேம்’ 10.77.0.13, ‘யூசர்’ உங்கள் பெயர், ‘ப்ராக்ஸிஜம்ப்’ வாசல். இதில் வாசல் என்பது ஜம்ப் ஹோஸ்டுக்கு நீங்கள் வைத்த பெயர். அதற்கும் மேலே ஒரு பத்தி, அதில் அதன் பப்ளிக் ஐபி. இனி எங்கிருந்தும் ‘எஸ்எஸ்எச் பல்லடம்1’ என்றால் போதும். லேப்டாப் வாசலுக்குப் போய், அதன் வழியாகப் பல்லடத்துக்குப் போகும். லேப்டாப்பில் ஒயர்கார்டு வேண்டாம்.

சிலர் இதற்கு, லேப்டாப்பில் கீயை நினைவில் வைத்திருக்கும் ஏஜென்டை நடு மெஷினுக்கும் நீட்டும் ஏஜென்ட் ஃபார்வர்டிங் என்ற பழைய முறையைச் சொல்வார்கள். அதில் ஜம்ப் ஹோஸ்டில் ரூட் அதிகாரம் உள்ள எவரும், நீங்கள் இணைந்திருக்கும் வரை உங்கள் கீயைக் கொண்டு வேறு மெஷினுக்குள் போகலாம். 2016-இல் 7.3 பதிப்பில் வந்த ப்ராக்ஸிஜம்ப்பில் கீயின் வேலை முழுக்க லேப்டாப்பிலேயே நடக்கிறது. நடுவில் நிற்கும் மெஷின் மறையாக்கிய பைட்டுகளைக் கடத்துவதோடு சரி. அதனால் ஜம்ப் ஹோஸ்டில் உங்களுக்கு ஷெல்லே தேவையில்லை. அந்த யூசரின் ஷெல்லை ‘நோலாகின்’ என்று மாற்றினாலும் தடம் வேலை செய்யும். பராமரிப்புக்கு வேறு யூசர் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இணையத்தில் கிடைக்கும் பாதுகாப்புப் பட்டியலைப் பார்த்து அங்கே ‘அலவ்டிசிபிஃபார்வர்டிங்’ நோ என்று போட்டால் தடம் அடைபடும். ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி ப்ரொஹிபிட்டட்’ என்று பிழை வந்தால் அதுதான் காரணம்.

கான்ஃபிக் ஃபைலின் கடைசியில் ‘ஹோஸ்ட் *’ என்று பொதுப் பத்தி ஒன்று. கடைசியில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு அமைப்பு முதலில் எங்கே கிடைக்கிறதோ அதையே எஸ்எஸ்எச் எடுத்துக்கொள்ளும். கீழே எழுதியது மேலே எழுதியதை மாற்றாது. இந்தப் பத்தியில் நான் வைக்கச் சொல்வது: ‘ஐடென்டிட்டிஸ்ஒன்லி’ யெஸ், அதோடு ‘ஐடென்டிட்டிஃபைல்’ என்று உங்கள் கீயின் இடம். ஏஜென்டில் ஏழெட்டுக் கீ சேர்ந்துவிட்டால் லேப்டாப் ஒவ்வொன்றாக நீட்டும். சர்வரோ ஆறு முயற்சிக்கு மேல் பொறுக்காமல் இணைப்பை வெட்டிவிடும். சரியான கீ கையில் இருந்தும் ‘டூ மெனி ஆதென்டிகேஷன் ஃபெய்லியர்ஸ்’ வருவது இதனால். ‘சர்வர்அலைவ்இன்டர்வல்’ 30 வையுங்கள். பிறகு ‘கன்ட்ரோல்மாஸ்டர்’ ஆட்டோ, ‘கன்ட்ரோல்பெர்சிஸ்ட்’ 10 நிமிடம். ‘கன்ட்ரோல்பாத்’தில் ஹோஸ்ட் பெயரை நீட்டி எழுதாமல், சதவீதக் குறியும் பெரிய எழுத்து சியும் போடுங்கள், லினக்ஸில் சாக்கெட் பாதை 108 பைட்டைத் தாண்டக் கூடாது என்பதால் சுருங்கிய ஹாஷ் (கணக்கிட்டு எடுத்த குறியீடு) நல்லது. இப்படி வைத்தால் முதல் இணைப்புக்கு மட்டும் இரண்டு மூன்று நொடி ஆகும், அடுத்தடுத்தவை அதையே பகிர்ந்துகொள்வதால் உடனே திறக்கும்.

இந்த இணைப்புப் பகிர்வில் ஒரு சிக்கல் உண்டு. ஒருவரை டாக்கர் குரூப்பில் சேர்த்துவிட்டு, வெளியே போய் மறுபடி உள்ளே வரச் சொன்னாலும் ‘பெர்மிஷன் டினைட்’ என்றே வரும். காரணம், பழைய இணைப்பு பின்னால் உயிரோடு இருக்கிறது, புதிய ஷெல்லும் அதன் பழைய குரூப் பட்டியலோடுதான் வருகிறது. ‘எஸ்எஸ்எச் -ஓ எக்ஸிட் பல்லடம்1’ என்று, பெரிய எழுத்து ஓ போட்டு, அதை மூடிவிட்டு வந்தால் சரியாகும்.

விண்டோஸில் இருப்பவருக்கு மூன்று செய்தி. விண்டோஸோடு வரும் எஸ்எஸ்எச்சில் கன்ட்ரோல்மாஸ்டர் வேலை செய்யாது, டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். கீயை சி டிரைவில் விட்டுவிட்டு டபிள்யூஎஸ்எல்லிலிருந்து கூப்பிட்டால் அனுமதி 777 என்று தெரிந்து, எஸ்எஸ்எச் மறுத்துவிடும்; லினக்ஸ் ஹோமுக்குள் காப்பி செய்து 600 கொடுங்கள். நோட்பேடில் சேமித்தால் கான்ஃபிக் என்ற பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டதா என்று பார்த்துவிடுங்கள்.

நேராகக் கன்டெய்னருக்குள் போக வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கும் இங்கேயே வழி இருக்கிறது. உதாரணமாக இஆர்பி (நிர்வாகக் கணக்கு மென்பொருள்) கன்டெய்னருக்குப் பல்லடம்1-இஆர்பி என்று இன்னொரு பெயர் வைத்து, அதே ஐபி கொடுத்து, ‘ரிமோட்கமாண்ட்’ இடத்தில் ‘டாக்கர் எக்ஸெக் -ஐடி இஆர்பி எஸ்எச்’, ‘ரிக்வெஸ்ட்டிடிஒய்’ யெஸ் என்று போடுங்கள். அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நேராகக் கன்டெய்னர் ஷெல்லில் நிற்பீர்கள். இதற்குத் தனிப் பெயர் கட்டாயம் வேண்டும். ரிமோட்கமாண்ட் உள்ள பெயரில் கட்டளை எதையும் சேர்த்து அனுப்ப முடியாது.

அநேக வேலைக்கு ஷெல்லே வேண்டாம். டாக்கர் 18.09-இலிருந்து எஸ்எஸ்எச் வழியாகவே லேப்டாப்பிலிருந்து பேசும். ‘டாக்கர் கான்டெக்ஸ்ட் கிரியேட் பல்லடம்1’ என்று எழுதி, ‘--டாக்கர்’ என்பதற்கு ‘ஹோஸ்ட்=எஸ்எஸ்எச்://பல்லடம்1’ கொடுங்கள். கான்ஃபிக் ஃபைலில் வைத்த அதே பெயர், ஜம்ப் உட்பட எல்லாம் தானே சேர்ந்துகொள்ளும். பிறகு ‘டாக்கர் -சி பல்லடம்1 பிஎஸ்’ என்றால் அங்கே ஓடுவது இங்கே தெரியும். ‘கான்டெக்ஸ்ட் யூஸ்’ போட்டு நிரந்தரமாக மாற்றிவிடாதீர்கள். லேப்டாப்பில் சோதனைக்கு வைத்த கன்டெய்னர் என்று நினைத்து ‘கம்போஸ் டவுன்’ (ஒரு ஃபைலில் எழுதிய கன்டெய்னர்களை மொத்தமாக இறக்கும் கட்டளை) அடிப்பீர்கள், பல்லடத்தில் நைட் ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பில்லிங் நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் மெஷின் பெயரைக் கையால் எழுதுவதுதான் பத்திரம். கம்போஸ் ஃபைலில் உள்ள பைண்ட் மவுண்ட் (கன்டெய்னருக்குள் இணைக்கும் டைரக்டரி) பாதை லேப்டாப்பில் தேடப்படாது, பல்லடத்து டிஸ்க்கில் தேடப்படும். சர்வீஸ் நிறைய இருந்தால் கம்போஸ் ஒரே நேரத்தில் பல இணைப்பு திறக்கும். சர்வரின் ‘மேக்ஸ்செஷன்ஸ்’ இயல்பாக 10 என்பதால் சில அறுந்து போகலாம், அப்போது 30 ஆக்குங்கள். எஸ்எஸ்எச் இருக்கும்போது டாக்கரின் 2375 போர்ட்டை ஒருபோதும் திறக்காதீர்கள். அதில் கீயும் கிடையாது, பாஸ்வேர்டும் கிடையாது.

இப்போது சர்வர் பக்கம். எல்லா மெஷினிலும் ‘பாஸ்வேர்டுஆதென்டிகேஷன்’ நோ, ‘கேபிடிஇன்டராக்டிவ்ஆதென்டிகேஷன்’ நோ, ‘பெர்மிட்ரூட்லாகின்’ நோ. இரண்டாவதை விட்டுவிட்டால் பிஏஎம் (லினக்ஸின் உள்நுழைவுச் சோதனை) வழியாகப் பாஸ்வேர்டு கேட்பது தொடரலாம். எழுதும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். இங்கேயும் முதலில் படித்த மதிப்பே நிற்கும். உபுண்டுவில் ‘எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி’ டைரக்டரிக்குள் இருப்பவை முதலில், பெயர் வரிசைப்படி படிக்கப்படும். கிளவுட் இமேஜிலிருந்து வந்த மெஷினில் ‘50-கிளவுட்-இனிட்’ என்ற ஃபைல் பாஸ்வேர்டுக்கு யெஸ் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் முதன்மை ஃபைலின் அடியில் நோ என்று எழுதி, ரீலோடும் செய்து, அடைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள்; வாசல் திறந்தே கிடக்கும். உங்கள் ஃபைலுக்கு ‘10-’ என்று தொடங்கும் பெயர் வையுங்கள். பிறகு ‘எஸ்எஸ்எச்டி -டி’யைப் பெரிய எழுத்து டி (‘டெஸ்ட்’ என்பதன் முதல் எழுத்து) போட்டு ரூட்டாக ஓட்டுங்கள், உண்மையில் எந்த மதிப்பு நிற்கிறது என்று அது காட்டும். சிறிய எழுத்து டி, எழுத்துப் பிழையைக் காட்டும்.

ரீலோடு செய்யும்போது இருக்கும் ஷெல்லை மூடாமல், இரண்டாவது ஷெல் திறந்து சோதிப்பது எல்லோரும் சொல்வது. இணைப்புப் பகிர்வு வைத்திருப்பவருக்கு அந்தச் சோதனை பொய். இரண்டாவது ஷெல் பழைய இணைப்பிலேயே ஏறி வந்துவிடும், புதிய அமைப்பைத் தொடவே தொடாது. ‘-ஓ கன்ட்ரோல்பாத்=நன்’ என்று, சிறிய எழுத்து ஓ போட்டு, சேர்த்துத் திறந்தால்தான் அது சோதனை.

ப்ராக்ஸ்மாக்ஸில் ஒரு மெஷினைக் குளோன் செய்து மற்றதை உருவாக்கியிருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். குளோன்களுக்கு எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீ ஒன்றாகவே இருக்கும். ஒன்று களவு போனால் மற்றதன் வேஷத்தையும் போடலாம். ‘எட்சி/எஸ்எஸ்எச்’ உள்ளே ‘எஸ்எஸ்எச்_ஹோஸ்ட்_’ என்று தொடங்குபவற்றை நீக்கி, ‘எஸ்எஸ்எச்-கீஜென் -ஏ’ பெரிய எழுத்து ஏ போட்டு ஓட்டி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ‘மெஷின்-ஐடி’ ஃபைலும் ஒன்றாக இருந்தால் உபுண்டு சர்வர்கள் டிஹெச்சிபியில் (ஐபி வழங்கும் சேவை) ஒரே அடையாளம் சொல்லி, ஒரே ஐபியை வாங்கிச் சண்டை போடும். அதைக் காலியாக்கி ரீபூட் செய்தால் புதிது உருவாகும். கீ மாறிய மெஷினுக்கு மறுபடி போகும்போது லேப்டாப் பெரிய எச்சரிக்கை காட்டும். நீங்களே மாற்றியதுதான் என்றால் ‘எஸ்எஸ்எச்-கீஜென் -ஆர்’ பெரிய எழுத்து ஆர் போட்டுப் பழையதை நீக்குங்கள். நீங்கள் மாற்றவில்லை என்றால் அங்கேயே நின்று விசாரியுங்கள். தொல்லையாக இருக்கிறது என்று ‘ஸ்ட்ரிக்ட்ஹோஸ்ட்கீசெக்கிங்’கை நோ ஆக்கக் கூடாது, ‘அக்செப்ட்-நியூ’ என்று வைத்தால் புதிய மெஷினைக் கேட்காமல் ஏற்கும், மாறிய கீயை மறுக்கும்.

டாக்கர் மெஷின்களுக்கே உரிய ஒரு கோளாறு இருக்கிறது, எஸ்எஸ்எச்சை எவ்வளவு தடவினாலும் பிடிபடாது. காலையில் இணைந்த மெஷின், புதிதாக ஒரு கம்போஸ் எழுப்பியதும் இணையாது; ஆனால் பக்கத்து மெஷினிலிருந்து போனால் இணையும். டாக்கர் ஒவ்வொரு புது நெட்வொர்க்குக்கும் 172.17 முதல் 172.31 வரை ஒரு /16 ஐபி தொகுதி எடுக்கும், அவை தீர்ந்தால் 192.168-க்குள் அதைவிடச் சிறிய /20 துண்டுகளாக எடுக்கும். மெஷினோடு நேராக ஒட்டிய நெட்வொர்க்கோடு மோதாமல் அது பார்த்துக்கொள்ளும். ரவுட்டருக்கு அப்பால் இருக்கும் உங்கள் ஆபீஸ் 172.20-இல் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? கேட்கும் பாக்கெட் வந்து சேர்கிறது. பதில் பாக்கெட்டோ கன்டெய்னர் பிரிட்ஜுக்குள் (டாக்கரின் உள் வலை) போய்ச் செத்துவிடுகிறது. ‘ஐபி ரூட்’ அடித்தால் இது தெரிந்துவிடும். ‘எட்சி/டாக்கர்/டேமன்.ஜேசன்’ ஃபைலில் ‘டிஃபால்ட்-அட்ரஸ்-பூல்ஸ்’ என்று உங்கள் எந்த இடத்திலும் பயன்படாத ஒரு வரம்பைக் கொடுங்கள், 10.201.0.0/16-ஐ அளவு 24 துண்டுகளாக என்பதுபோல. ஏற்கெனவே உள்ள நெட்வொர்க்குகள் மாறாது, கம்போஸை இறக்கி ஏற்ற வேண்டும். ஒரு கமா தவறினாலும் டாக்கரே எழாது, ஆகவே ‘டாக்கர்டி --வேலிடேட்’ ஓட்டிப் பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள்.

இன்னொன்று: யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அடைத்துவிட்டோம் என்று நம்பி டாக்கரில் போர்ட் பப்ளிஷ் செய்யாதீர்கள். டாக்கர் தன் விதிகளை அதற்கு முன்பாகவே ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் பாக்கெட் விதிப் பட்டியல்) எழுதிவிடும். மும்பை மெஷினில் டேட்டாபேஸ் போர்ட்டை ‘127.0.0.1:5432:5432’ என்று கட்டுங்கள். தேவைப்படும்போது ‘எஸ்எஸ்எச் -எல்’ கொண்டு லேப்டாப்புக்கு இழுத்துக்கொள்ளலாம்.

இணைப்பு ‘கெக்ஸ்_ஈசிடிஎச்_ரிப்ளை’ என்ற இடத்தில் அப்படியே நின்றுபோனால் அது எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவுச் சிக்கல். சின்னப் பாக்கெட் போகும், பெரிய பாக்கெட் நடுவில் விழும். ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0-இலிருந்து குவாண்டம் கம்ப்யூட்டரைத் தாங்கும் கீ பரிமாற்றம் இயல்பாக வருவதால் அந்தப் பாக்கெட் முன்பைவிடப் பெரியது. அதனால் பழைய லேப்டாப்பில் இணைவது புதிய லேப்டாப்பில் இணையாமல் போகலாம். ஒயர்கார்டு எம்டியூ இயல்பாக 1420. 1380, பிறகு 1280 என்று இறக்கிப் பாருங்கள்.

ஆள் வேலையை விட்டுப் போகும் நாளில் ஜம்ப் ஹோஸ்டில் முதலில் அவர் கீயை எடுங்கள், பிறகு ஆறு மெஷினிலும். கீயின் கடைசியில் வரும் குறிப்பில் ஆள் பெயரும் லேப்டாப்பும் எழுதியிருந்தால்தான் எது யாருடையது என்று தெரியும். கீயை எடுத்தாலும் திறந்திருக்கும் ஷெல் அறாது. ‘ஹூ’ அடித்துப் பார்த்து அதையும் மூட வேண்டும். இருபது மெஷின், ஐந்தாறு ஆள் என்று வளர்ந்தால் எஸ்எஸ்எச் சர்டிஃபிகேட்டுக்கு மாறலாம், எட்டு மணி நேரத்துக்கு மட்டும் செல்லும் அனுமதி கொடுக்க முடியும். ஆறு மெஷினுக்கு அந்த ஏற்பாடு அதிகம்.

கடைசியாக, எஸ்எஸ்எச்சில் நீங்களே உங்களை வெளியே பூட்டிக்கொண்டால் திரும்ப நுழைய ப்ராக்ஸ்மாக்ஸ் கன்சோல் இருக்கிறது. அதற்கு மெஷினில் ஒரு யூசருக்காவது பாஸ்வேர்டு உயிரோடு இருக்க வேண்டும். மேலே சொன்ன நோ எல்லாம் எஸ்எஸ்எச்சுக்கு மட்டும், கன்சோலைத் தொடாது. ப்ராக்ஸ்மாக்ஸ் மெஷின்களையும் ஒயர்கார்டில் சேர்த்து, 8006 போர்ட்டை அதற்குள் மட்டும் வையுங்கள். பல்லடத்தில் எதையாவது மாற்றுவதற்கு முன், அங்கிருக்கும் கன்சோல் திறக்கிறதா என்று திருப்பூரிலிருந்து பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.